கத்தி தொடாத முப்பத்தோர் ஆண்டுகள்

எலியின் எலும்புகளை ஏடு பாராமலே எடுத்துரைக்கும் ஏந்தலே, நரம்பு போகும் வழியை நாவினாலே நடத்திக் காட்டும் நல்லாசிரியையே, மண்ணீரலைக் கண்டு மருண்டோர்க்கு மருந்தாகவும் மயங்கி விழுந்தோர்க்கு விசிறியாகவும் விளங்கிய விலங்கியல் விளக்கே, இரண்டாம் மாடியின் மேற்குக் கோடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்து மூளையைத் திறந்துகொண்டு வெளியே வரும் அந்த ஆய்வகத்தின் அரசியே, முப்பத்தோர் ஆண்டுகளாக மாணவர் வாயில் ‘கோடு மேடம்’ என்றும் எங்கள் வாயில் வெறும் ‘மேடம்’ என்றும் வழங்கிவரும் வணக்கத்துக்குரியவரே! உடன் பணிபுரியும் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தங்கள் பணிநிறைவு விழாவில் தங்கள் முன் படிக்கும் மடல் இது.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு என்பது அலங்காரத்துக்காக எழுதியதன்று. மேடையின் மூன்றாம் நாற்காலியில் தாங்கள் மடிமேல் வைத்திருக்கும் பழுப்புநிறக் கைப்பைக்குள் நான்காக மடித்த கடிதம் ஒன்று இருப்பது எங்களுக்குத் தெரியும். தாங்கள் அதை எடுத்து வாசிப்பதற்குள் நாங்கள் இதை வாசித்து முடித்துவிட வேண்டும் என்பதால்தான் வரவேற்புரை, வாழ்த்துரை, குழுப்படம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி மடலை முதலில் வைத்தோம். வரவேற்புரையை மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்த கணித ஆசிரியர் அதை முடிவு செய்த நாளிலிருந்து எங்களோடு பேசவில்லை.

மடல் எழுதும் பொறுப்பு வழக்கம்போலத் தமிழ் ஆசிரியனாகிய என் தலையில் விழுந்தது. ‘நாங்கள்’ என்று எழுதிக்கொண்டே வரும் இடத்தில் ‘நான்’ என்று நழுவினாலும், ‘தாங்கள்’ என்று தொடங்கியது ‘நீங்கள்’ என்று இறங்கினாலும் அவையோர் பொறுத்தருள வேண்டும். இருபது ஆண்டுகளாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் குறிஞ்சித் திணை நடத்தும் வேளையில் அவர் குடல் நடத்துவார். ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள் என்றார் முதல்வர். எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டியபோது கண்ணாடிச் சட்டம் போடும் கடைக்காரர், இந்த நீளத்துக்குக் கதவு செய்கிறவரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம், அவையில் பாதிப் பேர் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற புதன்கிழமை மேடம் முதல்வர் அறைக்குச் சென்று, உட்காரச் சொல்லியும் உட்காராமல், பின்வருமாறு சொன்னார்:

“எனக்கு மடல் எல்லாம் வேணாம் சார். முப்பத்தோரு வருசம் டிசெக்‌ஷன் சொல்லிக்கொடுத்தேன்னு எழுதுவீங்க. நான் ஒரு எலியக்கூட வெட்டினது இல்ல. ஒரே ஒரு கீறல்கூடப் போட்டது இல்ல. அந்தப் பொய்ய சட்டம் போட்டு எங்க வீட்டுச் சுவத்துல மாட்டிட்டு, அது முன்னாடி நின்னு நான் எப்படித் தலை வாருறது?”

மடலுக்குப் பதிலாகத் தாமே ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், விழாவில் அதை வாசித்துவிட்டுச் சிறந்த ஆசிரியர் சான்றிதழைத் திருப்பித் தந்துவிட்டுப் போகப் போவதாகவும் சொன்னார். சொல்லிவிட்டு மூன்றாம் பாடவேளைக்குச் சென்று, சிறுநீரகங்கள் இரண்டும் ஏன் ஒரே மட்டத்தில் இல்லை என்பதை வழக்கம்போலவே நடத்தினார். அந்த நெஞ்சழுத்தம் எங்களில் ஒருவருக்கும் வராது.

வியாழக்கிழமை மாலை முதல்வர் எங்களைக் கூட்டினார். கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். கல்லூரிக்கே தலைகுனிவு வரப்போகிற முகத்தோடு, “நான் இப்ப சொல்றது இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. மேடம் இதுவரைக்கும் கத்தியே தொட்டது இல்லையாம்” என்றார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். பிறகு, எலிகளைப் பதப்படுத்தும் திரவத்தின் பெயரால் பார்மலின் அண்ணன் என்று நாம் எல்லோரும் அழைக்கும் ஆய்வக உதவியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “அது எனக்கு இருபத்தாறு வருசமாத் தெரியும் சார்.”

“எனக்கும் தெரியும்” என்றார் தாவரவியல் அம்மையார். “ஆனா எனக்கு மட்டும்தான் தெரியும்னு நினைச்சேன்.”

“எனக்கும் அப்படித்தான்” என்றேன் நான்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “எனக்கும் தெரியும்யா, நீங்க யாரும் தெரிஞ்சுக்கக் கூடாதேன்னுதான் இத்தனை நாளா…” என்று இழுத்தார். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் காத்த அந்த ஒரே ரகசியத்தைக் கல்லூரி முழுக்கக் காத்திருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது.

கேளுங்கள், அம்மையே. ஒவ்வொரு டிசெக்‌ஷன் வகுப்புக்குப் பின்னும் இருபத்தொன்பது கத்திகள் கழுவப்படும். பிள்ளைகளின் இருபத்தெட்டில் அழுக்கு இருக்கும். உங்களுடைய ஒன்று மட்டும், கடையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோலவே பளபளக்கும். அந்தப் பளபளக்கும் கத்தியையும் பார்மலின் அண்ணன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, மற்றவற்றோடு துணியில் பரப்பிக் காயவைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டோம். “அது ஒண்ணு மட்டும் காய்ஞ்சு கிடந்தா யாராச்சும் கேப்பாங்கல்ல” என்றார். இருபத்தாறு ஆண்டுகளாகச் சுத்தமான கத்தியைச் சுத்தம் செய்த மனிதர் இந்த உலகில் இன்னொருவர் இருப்பாரா என்பது எங்களுக்கு ஐயமே.

முதல்வர் செய்தது வேறு. மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் அவர்களை முதலில் இயற்பியல் துறைக்கு அழைத்துச் சென்று அங்கேயே உட்கார்த்திவைத்துவிடுவார். இயற்பியல் ஆசிரியர் ஊசலாட்டத்தை விளக்க ஆரம்பித்தால் எப்போது நிறுத்துவார் என்று எவரும் சொல்ல முடியாது. அவர்கள் தப்பித்து விலங்கியல் ஆய்வகத்துக்கு வந்துசேரும்போது முதல் கீறல் முடிந்து, எலி திறந்து, எல்லோரும் பெயர் எழுதிக்கொண்டிருப்பார்கள். தம் பேச்சில் அப்படி ஒரு சுவை இருப்பதாக இயற்பியல் ஆசிரியர் அந்த வியாழக்கிழமைவரை நம்பியிருந்தார்.

என் பங்கு சுவர். “மேடம், ஒரே ஒரு தடவ நீங்களே வெட்டிக் காட்டுங்களேன்” என்று உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது கெஞ்சுவது கேட்டால், நான் உடனே சுவரில் தட்டி, “அங்க என்ன சத்தம்? இங்க பாடம் நடக்குதா இல்லையா?” என்று கத்துவேன். வகுப்பு அடங்கும். கேட்ட பிள்ளை கேட்டதை மறந்துவிடும். பக்கத்து அறைச் சிடுமூஞ்சி என்று நீங்கள் என்னைப் பற்றித் தாவரவியல் அம்மையாரிடம் சொன்னது என் காதுக்கும் வந்தது. வருத்தம்தான். ஆனாலும் தட்டுவதை நான் விடவில்லை.

தாவரவியல் அம்மையாரோ அதே கெஞ்சல் காதில் விழுந்தால் சாக்பீஸ் கேட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடுவார். எப்படிக் கேட்கும் என்கிறீர்களா? உங்கள் டிசெக்‌ஷன் நாளில் மட்டும் அவர் நடைவழியில் உள்ள தொட்டிச் செடிகளுக்கு இரண்டு மணிநேரம் தண்ணீர் ஊற்றுவார். அந்தச் செடிகள் அழுகியதற்கு வேறு காரணம் இல்லை. ஆறாண்டுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, “மேடம், ஒரே ஒரு தடவ…” என்றான். நான் சுவரைத் தட்டினேன். தாவரவியல் அம்மையார் நனைந்த கையோடு உள்ளே ஓடி வந்து சாக்பீஸ் கேட்டார். பார்மலின் அண்ணன் மெழுகுத் தட்டு ஒன்றைக் கை தவறியதுபோலக் கீழே போட்டார். கீழ்த்தளத்திலிருந்து அப்போதுதான் படியேறி வந்த முதல்வர் அங்கிருந்தபடியே ஆளை அனுப்பி மணியை அடிக்கவைத்தார். கல்லூரி முழுதும் அரைமணி முன்னதாகக் கலைந்துபோனது. அந்தப் பையன், “ஒரே ஒரு தடவ வெளிய போயிட்டு வரட்டுமா” என்றுதான் கேட்க வந்திருக்கிறான். அன்று நீங்கள் சுற்றுமுற்றும் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

இவ்வளவும் எதற்கு? உங்கள் கை ஏன் கத்தியைத் தொடாது என்பதையும் எங்களில் ஒருவர் அறிவார். மாணவியாக இருந்தபோது உங்கள் முதல் கீறலிலேயே அழுத்தம் மிகுந்து, தோலோடு குடலும் சேர்ந்து கிழிந்துவிட்டதாம். அப்போதைய ஆசிரியர் வகுப்பு முழுவதையும் உங்கள் மேசைக்கு அழைத்து, “இதைத்தான் செய்யக் கூடாது, எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க” என்று ஒவ்வொருவராகக் காட்டினாராம். அன்றிலிருந்து கத்தியின் முனை தோலருகே போனால் உங்கள் விரல் நடுங்கும். மேசைத் தோழி அறுப்பாள், நீங்கள் பெயர் சொல்வீர்கள். அவளுக்குப் பெயர் வராது, உங்களுக்குக் கத்தி வராது, இருவரும் சேர்ந்து தேறினீர்கள். இதைத் தாவரவியல் அம்மையாரிடம் ஒருநாள் மதிய உணவின்போது சொல்லிவிட்டு, அதன்பின் நீங்கள் அந்த உணவைத் தொடவே இல்லையாம்.

அம்மையே, அந்த ஆசிரியரைப் பற்றி எழுத என்னிடம் நல்ல தமிழும் இருக்கிறது, கெட்ட தமிழும் இருக்கிறது. முதல்வர் இரண்டையும் அடித்துவிட்டார்.

அந்த நடுக்கத்தை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். மெழுகுத் தட்டில் எலியை மல்லாத்தி, நான்கு காலையும் குண்டூசியால் நிறுத்தி, மார்க்கர் பேனாவால் தாடைக்குக் கீழிருந்து அடிவயிறுவரை ஒரு கோடு போடுவீர்கள். அந்தக் கோடு போடும்போது கை நடுங்காது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, “முதல் கீறல் மாணவர் உரிமை” என்பீர்கள். அதன்பின் பேச்சுதான். சுவர் வழியே இருபது ஆண்டுகளாகக் கேட்டவன் என்பதால் எனக்கு அது மனப்பாடம்:

“தோல மட்டும் தூக்கு. சட்டையத்தான் கழட்டுறோம், ஆள இல்ல. கத்திரியோட முனைய மேல பாத்து வை, கீழ பாத்தா குடலுக்குள்ள போயிரும். அவசரப்படாத, அது எங்கயும் ஓடாது. இப்ப இடப்பக்கம் வயித்த ஒட்டி கருஞ்சிவப்பா நாக்கு மாதிரி ஒண்ணு படுத்திருக்கும், தெரியுதா? தொடாத. முதல்ல பாரு. பாத்தாச்சா? இப்ப பேர் சொல்லு. யாருக்காவது தலை சுத்துதா? சுத்தினா கீழ உக்காந்துக்கோ, மேசை மேல விழுந்துராத. எலிக்கு அடிபட்டுரும்.”

நான் அந்த அறைக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. திறந்த எலியைப் பார்த்ததும் இல்லை, பார்க்கும் துணிவும் எனக்கு இல்லை. ஆனால் உதரவிதானம் எங்கே, கணையம் எந்த மடிப்பில் ஒளிந்திருக்கும், எந்தச் சிறுநீரகம் சற்று மேலே இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தலைவி பிரிவால் வாடுவதை நான் நடத்திக்கொண்டிருந்தபோது என் மாணவி ஒருத்தி ‘மண்ணீரல் இடப்பக்கம்’ என்று குறிப்பெடுத்திருந்தாள். நான் அதை அடிக்கவில்லை, சரியாகத்தானே எழுதியிருந்தாள். சுவருக்கு அப்பால் இருந்த எங்களுக்கே இவ்வளவு வந்திருந்தால், மேசையருகே நின்ற எண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் வந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். கத்தி பிடித்துக் காட்டுகிறவர் “இப்படி” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். உங்களுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, கை செய்ய வேண்டியதை எல்லாம் சொல்லாக்க வேண்டியிருந்தது. அதனால்தான் உங்கள் வகுப்பில் யாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

இனி உங்கள் கைப்பையில் இருக்கும் கடிதத்துக்கு வருகிறோம். அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் எந்த நாளைப் பற்றி எழுதியிருப்பீர்கள் என்று தெரியும். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், செய்முறைத் தேர்வு நாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வாழ்நாளெல்லாம் மீனோடு புழங்கியவர். மீனுக்கு வெளியே உள்ள உலகை அவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை. முதல் மாணவனிடம் எலியின் பித்தப்பையைக் காட்டச் சொன்னார். அவன் இல்லை என்றான். பூச்சியம். அடுத்தவளும் இல்லை என்றாள். பூச்சியம். இப்படியே பதினொரு பேர், பதினொரு பூச்சியம்.

அவையோருக்குச் சொல்கிறோம்: எலிக்குப் பித்தப்பை கிடையாது. நமக்கு உண்டு, மீனுக்கு உண்டு, எலிக்கு இல்லை. கல்லீரலில் சுரக்கும் பித்தம் ஒரு குழாய் வழியே நேராகக் குடலுக்குப் போய்விடும். ஆனால் ஆய்வகச் சுவரில் தொங்கும் மனித உடற்படத்தில் பச்சைநிறத்தில் ஒரு பை அழகாக இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வோராண்டும் சில பிள்ளைகள் எலிக்கும் ஒன்று வரைந்துவிடுவார்கள். “உன் எலிக்கு மட்டும் எங்க இருந்துடா வந்துச்சு? சுவத்தப் பாத்து வரையாத, தட்டப் பாத்து வரை” என்று மேடம் குறிப்பேட்டைத் திருப்பித் தருவார். அந்தத் திட்டை வாங்காத பிள்ளை இந்தக் கல்லூரியில் இல்லை.

பன்னிரண்டாவதாக நின்ற பெண் அழுதுகொண்டே, ஆனால் விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்: “எலிக்குப் பித்தப்பை இல்ல சார்.”

“யார் சொன்னா?”

“எங்க மேடம்.”

“அப்படியா? அப்ப மேடத்தையே வெட்டிக் காட்டச் சொல்லு. இல்லாட்டி இருபத்தெட்டு பேருக்கும் இதுதான் மார்க்.”

செய்தி நடைவழியில் பரவியது. நான் தட்ட ஒரு சுவர் இருந்தும் தட்டிப் பயனில்லை, அது தேர்வு. தாவரவியல் அம்மையார் கையில் பூவாளியோடு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால், உள்ளே நுழையாமல் நான்; எனக்குப் பின்னால் முதல்வர். பார்மலின் அண்ணன் புதிய எலி ஒன்றைத் தட்டில் எடுத்துக்கொண்டு, பத்தடி தூரத்தை நான்கு நிமிடத்தில் நடந்து வந்தார். வரும் வழியில் கண்ணாடிக் குடுவை வைத்த அலமாரி மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார். வேறு வழியில்லை என்றால் அதைச் சாய்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாராம். நீங்கள் கத்தியைப் பார்த்தீர்கள். பிள்ளைகள் உங்களைப் பார்த்தார்கள். நாங்கள் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது நீங்கள் மார்க்கரை எடுத்துக் கோட்டைப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்: “காட்டலாம் சார். ஆனா நான் வெட்டி நீங்க பாத்தா, பைய நான்தான் எங்கயோ எடுத்துப் போட்டுட்டேன்னு உங்களுக்குத் தோணும். நீங்களே வெட்டுங்க. நான் சொல்றேன்.”

மறுக்க முடியாத வாதம். தேர்வாளர் தம் மேல்கோட்டைக் கழற்றி வைத்தார். மீனின் வயிற்றைத் தவிர வேறு வயிற்றைத் திறந்து இருபதாண்டு ஆன கை அது, முதலில் அதுவும் கொஞ்சம் தடுமாறியது. “சட்டையத்தான் கழட்டுறோம் சார், ஆள இல்ல” என்றீர்கள். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பத்து நிமிடத்தில் அவர் தேர்வாளர் என்பதை மறந்துவிட்டார். சற்று முன் பூச்சியம் போட்ட பையனையே விளக்கைப் பிடிக்கச் சொன்னார். கல்லீரலைத் தூக்கினார், இடுக்கியால் மடிப்பு மடிப்பாக விலக்கினார், மெல்லிய குழாயைக் கண்டுபிடித்தார்.

“இது நேரா குடலுக்கே போகுதே.”

“போகும் சார்.”

“பை?”

“தேடுங்க சார். அவசரம் இல்ல.”

மேலும் கால்மணி நேரம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார். பிறகு பேனாவை எடுத்து, பதினொரு பூச்சியங்களையும் தம் கையாலேயே அடித்துத் திருத்தினார். கை கழுவும்போது உங்களிடம் சொன்னார்: “நான் இவ்வளவு சுத்தமா ஒருநாளும் அறுத்தது இல்ல மேடம். எனக்கே இப்படி வருதுன்னா, உங்க கை எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாக்குறேன்.” நீங்கள் துண்டை எடுத்து நீட்டினீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் ஒன்பது ஆண்டுகளாக உங்களை உறுத்திக்கொண்டிருக்கிறது என்றும், பயத்தை மறைக்க அந்த மனிதரை ஏமாற்றிவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள் என்றும் தாவரவியல் அம்மையார் சொல்கிறார்.

நாங்கள் அப்படி நினைக்கவில்லை. பயந்தீர்கள், மறைத்தீர்கள், அது உண்மை. அதை இல்லை என்று எழுதினால் இந்த மடலும் பொய்யாகிவிடும். ஆனால் அன்று நீங்கள் சொன்ன வாதம் பொய்யில்லை. நீங்களே அறுத்துக் காட்டியிருந்தால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் பூச்சியத்தை அப்படியே விட்டுப் போயிருப்பார். தம் கையால் தேடி, தம் கண்ணால் பார்த்ததனால்தான் திருத்தினார். எண்ணூறு பிள்ளைகளுக்கு நீங்கள் கற்றுத்தந்ததும் அதைத்தான். சொல்லப்போனால், உங்களிடம் ஒழுங்காக டிசெக்‌ஷன் படித்தவர்களில் அந்தத் தேர்வாளரும் ஒருவர். அவர் உங்களுக்குக் கட்டணம்கூடக் கட்டவில்லை.

மடல் வேண்டாம் என்றீர்கள். எலியின் கல்லீரலுக்கே நான்கு மடல் என்று சுவர் வழியே எனக்குச் சொல்லித் தந்தவர் நீங்கள். உங்களுக்கு ஒன்றுகூடக் கூடாதா? இது பொய்யைச் சட்டம் போட்டது அன்று. நீங்கள் கத்தி தொடாதவர் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறோம். இனி அதன் முன் நின்று நிம்மதியாகத் தலை வாரலாம். உங்களை எங்களுக்கு மிகவும் பிடிக்கும், மேடம். தப்பு கண்டுபிடிக்கும் உங்கள் கண்ணையும், திட்டும் உங்கள் வாயையும், நடுங்கும் உங்கள் கையையும் சேர்த்துத்தான் பிடிக்கும். இதை இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் உங்களிடம் நேரே சொல்லவில்லை என்பது எங்கள் குறை.

நோய்நொடி அணுகாமல் நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும். உங்கள் இதயம் நான்கு அறைகளோடும் நலமாக இருக்க வேண்டும், எலிக்கு இல்லாத பித்தப்பை உங்களிடம் பத்திரமாக இருக்க வேண்டும், அதில் கல் இல்லாமலும் இருக்க வேண்டும். விரும்பியபோது எழுந்து, விரும்பியபோது உண்டு, மணி அடித்தால் திரும்பிப் பார்க்காத பெருவாழ்வு உங்களுக்கு வாய்க்க வேண்டும்.

கடிதத்தை வாசித்தே தீருவது என்றால் வாசியுங்கள், தடுக்க மாட்டோம். ஆனால் நீங்கள் மட்டும் தனியாக நின்று வாசிக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை அந்தச் சாத்திய அறையில் முதல்வர் ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, “நம்மளும் எழுதுவோம்யா” என்றார். எழுதியவற்றைக் கையொப்பங்களோடு அப்படியே கீழே தருகிறோம். எந்தத் திருத்தமும் செய்யவில்லை.

அன்போடும், அடக்க முடியாத கூச்சத்தோடும்,

முதல்வர்: கூட்டத்தில் நான் “பார்க்கலாம்” என்று சொல்வதெல்லாம் எனக்குப் புரியாதவை.

இயற்பியல் ஆசிரியர்: இருபத்திரண்டு ஆண்டுகளாக மின்னியல் நடத்துகிறேன். வீட்டில் பல்பு மாற்றப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறேன். ஷாக் அடிக்கும் என்று பயம்.

கணித ஆசிரியர்: வரவேற்புரை விஷயத்தில் என் வருத்தம் தீரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஏழாம் வாய்ப்பாட்டில் எட்டாவது வரி எனக்கு எப்போதும் வராது. மேசைக்குக் கீழே விரல் விடுவேன்.

உடற்கல்வி ஆசிரியர்: எனக்கு நீச்சல் தெரியாது. நம் நீச்சல் அணி மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறது. நான் கரையில் நின்று கத்துவேன்.

நூலகர்: “அருமையான புத்தகம், எடுத்துட்டுப் போங்க” என்று நான் தந்தவற்றில் முக்கால்வாசி நான் படிக்காதவை. மீதிக் கால்வாசியில் கடைசி அத்தியாயம் படிக்கவில்லை.

தாவரவியல் ஆசிரியை: என் கையால் வைத்த செடி எதுவும் பிழைத்ததில்லை. துறையின் ஜன்னலில் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பசுமையாக இருப்பது பிளாஸ்டிக். மேடத்துக்கு அது தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

தமிழ் ஆசிரியர்: யாப்பு நடத்த வேண்டிய நாளில் மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்வது தற்செயல் அன்று.

ஆய்வக உதவியாளர் (சொல்லச் சொல்ல எழுதியது): பார்மலின் வாசம் எனக்கு இன்னும் கொமட்டும். இருபத்தாறு வருசமா அந்த ரூம்ல வாயாலதான் மூச்சு விடுறேன். மேடம் பாடம் நடத்துற அன்னைக்கு மட்டும் மறந்துருவேன்.

விலங்கியல் ஆசிரியை, மேடத்தின் இடத்துக்கு வந்து எட்டு நாள் ஆனவர்: எலியை நான் நான்கு நிமிடத்தில் திறந்துவிடுவேன், கை நடுங்காது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு என் முதல் வகுப்பு. இருபத்தெட்டுப் பேர் முன்னால் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் மட்டும் வாருங்கள், மேடம்.